சத்தம் வந்த திசை

டிசம்பர் 5

எங்கள் ஊர்த் தேரியைத் தேடி வெளியூர் ஆட்கள் வருவார்கள் என்று யாரும் நினைத்ததில்லை. சிவப்பு மணல், பனை, உடைமரம், கொஞ்சம் முந்திரி, அவ்வளவுதான். பெண் பார்க்க வருகிறவர்கள் மணலில் கால் புதைந்ததுமே முகத்தைச் சுளிப்பார்கள். இன்னாசி சார் ஒரு கை மணலை அள்ளி, விரல் வழியாக வழியவிட்டுப் பார்த்துவிட்டு, "இதுதான் வேணும். ஈர மண்ணுல இந்தக் கம்பி சரியா கேக்காது" என்றார்.

சார் தூத்துக்குடிக்காரர். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தின் அந்தப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன மீடியம் வேவ் வானொலி நிலையங்களைக் கேட்பது அவருடைய பொழுதுபோக்கு. கூட வந்திருக்கும் கௌதமன் கோபிசெட்டிபாளையம், கணினிக் கம்பெனி வேலை. விடுப்பு எடுத்து வந்திருக்கிறார். முந்திரித் தோப்பின் காவல் வீட்டைக் கிறிஸ்துமஸ் வரை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். 'எலக்ட்ரானிக்ஸ் முடித்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள்' என்று என் கல்லூரி மேடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் உதவிக்கு நான்.

தென்மேற்கே பிரேசில் இருக்கும் பக்கம் பார்த்து, ஆள் உயரத்தில், ஒரே நேர்கோடாக ரேடியோவின் ஏரியல் கம்பி போக வேண்டும். அரைக் கிலோமீட்டர் நீளம். பாதி வரை கம்பு நட்டுக் கொண்டுபோய்விட்டோம். வண்டிப்பாதை குறுக்கிட்ட இடத்தில் மட்டும் கம்பி உயர வேண்டும், கருப்பட்டி லோடு ஏற்றிய வேன் அதன் அடியில் போகும். கௌதமன் கயிற்றில் கல்லைக் கட்டி உடைமரக் கிளைக்கு மேலாக எறிந்து எறிந்து பார்த்தார். ஒரு தடவை கல் அவர் தலைக்கே திரும்பி வந்தது.

நான் வாங்கி எறிந்தேன். முதல் வீச்சிலேயே கிளையைத் தாண்டி விழுந்தது. மூங்கில் கம்பால் கம்பியைத் தூக்கி வளைவில் உட்கார வைத்தேன்.

"ஏனுங்க, இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் கௌதமன்.

"காலேஜ்ல."

எங்கள் கல்லூரியில் கம்பி எறியச் சொல்லித்தரவில்லை.

டிசம்பர் 6

கம்பி முடிந்தது. கடைசி முனையில் ஒரு சின்ன மின்தடையும், அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் செம்புத் தண்டும். மணல் காய்ந்து கிடப்பதால் தண்டைச் சுற்றித் தினமும் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது என் வேலை. அம்மா, "குடிக்கவே தண்ணி இல்ல, இவிய கம்பிக்கு ஊத்துதாவளாம்" என்று சிரித்தாள்.

டிசம்பர் 7

விடியும் முன் அப்பா சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். தோப்பு வாசல் வரை வருகிறேன் என்றவரைப் பாதை முனையிலேயே நிறுத்தி இறங்கிக்கொண்டேன். மணலில் சைக்கிள் மிதிப்பது கஷ்டம் என்று சொன்னேன்.

நம் பக்கம் விடிகிற நேரம் பிரேசிலில் முன்னிரவு. வழியெல்லாம் இருட்டாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவர்கள் அலை இங்கே வரை வரும். சார் காதில் ஹெட்போனோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். கடலலை போல ஒரு இரைச்சல், அதற்கு அடியில் எங்கேயோ ஒரு கிதார், பின்பு ஒரு பெண் குரல். உடம்பு சிலிர்த்தது. அவ்வளவுதான் கேட்க முடிந்தது. அதற்கு மேல் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி படபடவென்று ஒரு சத்தம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

"பக்கத்துல எங்கயோ கரண்ட்டுப் பொறி பறக்குது" என்றார் சார்.

கௌதமன், "குரல் கேட்டுச்சுங்களே சார், நாம தேடற அந்த நிலையம்தான்னு எழுதிக்கலாம்" என்றார்.

"பேரு கேட்டியா?"

"பேரு கேக்கலைங்க."

"அப்ப கேக்கல." சார் என் பக்கம் திரும்பினார். "இந்த விளையாட்டுல நடுவர் கிடையாதும்மா. நீ கேட்டேன்னு சொன்னா உலகமே நம்பும். யாரும் வந்து சரிபார்க்க முடியாது. அதனாலதான் நிலையத்தோட பேரைக் காதால கேக்காம ஒரு வரி எழுத மாட்டோம்."

விடிந்து கொஞ்ச நேரத்தில் படபட சத்தம் தானாக நின்றது. அப்பா வீடு போய்ச் சேரும் நேரம் அது. அதற்குள் வெளிச்சம் வந்து கிதாரும் போயிருந்தது.

டிசம்பர் 8

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கையடக்க ரேடியோ வைத்திருக்கிறார்கள். அதைக் கிடையாகப் பிடித்து மெல்லச் சுற்ற வேண்டும். ஒரு நிலையில் சத்தம் தேய்ந்து நின்றுவிடும். அப்போது பெட்டியின் இரண்டு முனையும் காட்டும் கோட்டில்தான் சத்தத்தின் இடம் இருக்கும். ஆனால் முன்னாலா பின்னாலா என்று பெட்டி சொல்லாது.

சாயங்காலம் சத்தம் தொடங்கியதும் சார் காவல் வீட்டு வாசலில் நின்று பார்த்தார். கோடு கிழக்கே மெயின் ரோட்டு மாவு மில்லுக்குப் போயிற்று. மேற்கே ஓடைக்கரைக்குப் போயிற்று. ஓடைக்கரையில் இருப்பது ஒரே ஒரு வீடு.

"இன்னொரு இடத்துல இருந்து பாத்தா ரெண்டு கோடும் எங்க வெட்டுதுன்னு தெரிஞ்சிரும். என் முழங்கால் இந்த மணல்ல நடக்க விடாது. நீ அந்த மேட்டுல போய்ப் பாத்துட்டு வாம்மா. உனக்குக் காது நல்லா இருக்கு" என்றார்.

போனேன். பார்த்தேன். வந்தேன்.

"மில்லுப் பக்கம் சார்" என்று சொன்னேன்.

"சரி" என்றார். மறுகேள்வி கேட்கவில்லை.

டிசம்பர் 9

தலைவலி என்று சொல்லியனுப்பிவிட்டேன். போகவில்லை.

டிசம்பர் 10

என் நோட்டிலாவது எழுதிவிடுகிறேன்.

ஓடைக்கரை வீடு எங்கள் வீடு. புறம்போக்கு நிலம், பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் மீட்டர் கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார். பொழுது சாய்ந்ததும் மூங்கில் கம்பால் லைன் கம்பியில் கொக்கி மாட்டுவார். விடிந்ததும், லைன்மேன் வருவதற்கு முன் எடுத்துவிடுவார். காற்றடித்தால் கொக்கி ஆடும், பல்பு மினுங்கும். அந்தப் பல்பின் கீழ்தான் பள்ளிக்கூடப் பாடமும் கல்லூரிப் பாடமும் படித்தேன். 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்று தாசில்தார் கொடுத்த சான்றிதழை அம்மா அந்த வெளிச்சத்தில்தான் தடவித் தடவிப் பார்த்தாள்.

அன்று மேட்டில் நின்று ரேடியோவைச் சுற்றியபோது கொக்கி மாட்டும் கம்பு எங்கள் கூரைமேல் சாய்ந்து நின்றது கண்ணுக்கே தெரிந்தது. பெட்டி அதைத்தான் காட்டியது.

சார் எனக்காகச் சென்னையில் கப்பல் ரேடியோ பழுதுபார்க்கும் இடத்துக்குச் சொல்லியிருக்கிறார். அங்கே பொங்கலுக்குப் பிறகு ஆள் எடுக்கிறார்களாம். அவரிடம் போய், உங்கள் பிரேசிலைத் தின்பது என் வீட்டுத் திருட்டுக் கரண்ட் என்று எப்படிச் சொல்வேன்?

டிசம்பர் 11

கௌதமன் மில்லுக்குப் போய்ப் பேசியிருக்கிறார். மில் ஞானமுத்து மாமாவுடையது. ஹோட்டல்களுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுப்பதால் சாயங்காலமும் விடியற்காலையும் அங்கே மோட்டார் ஓடும். அதனால் இவர்களுக்குச் சந்தேகமே இல்லை. நாளைக் காலை அரை மணி நேரம் மோட்டாரை நிறுத்திப் பார்ப்பதாக ஏற்பாடு. மாமா, "பிரேசிலுக்காரன் பாட்டு கேக்கணும், அவ்வளவுதான? நிறுத்துதேன். எனக்கும் ஒரு பாட்டு போட்டுக் காட்டணும்" என்றாராம்.

மோட்டார் நின்ற பிறகும் சத்தம் வரும். எல்லாம் தெரிந்துவிடும்.

அப்பாவிடம் சொன்னேன்: "லைன்ல ஆளு வாராவளாம். நாளைக்கு விடியுமுன்னயே கொக்கிய எடுத்திருங்க."

"யாருட்டி சொன்னா?"

"கேம்ப்ல பேசிக்கிட்டாவ."

அப்பா என்னை நம்பினார்.

டிசம்பர் 12

சத்தம் இல்லை. ரேடியோ சுத்தமாக இருந்தது. கௌதமன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சார், "உன் காதுதான் காரணம்" என்றார்.

டிசம்பர் 14

கௌதமனோடு படித்தவர் மின்வாரியத்தில் இருக்கிறார். அவரிடம் இவர் சொல்லியிருக்கிறார். மோட்டாரைச் சரி பண்ணச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தாராம். வந்தவர்கள் மீட்டரையே சோதனைக்குக் கழற்றிக்கொண்டு, பெட்டிக்கு சீல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மில் நின்றுவிட்டது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது.

டிசம்பர் 15

மின்வாரிய ஆட்கள் ஊருக்குள் நடமாடுவதால் அப்பா கொக்கி போடவே பயப்படுகிறார். ஓடைக்கரை இருட்டாகக் கிடக்கிறது. மெழுகுவர்த்தியில் எழுதுகிறேன். அம்மா செல்போன் விளக்கில் பீடி சுற்றுகிறாள். ஓயாமல் இலையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோகிறாள்.

கிறிஸ்துமஸ் பலகாரம் முந்திரிக்கொத்துக்கு மாவரைக்க வறுத்த பயறு டப்பாவில் அப்படியே இருக்கிறது.

"அந்தக் கம்பி கட்டுறவியதான் புகார் குடுத்தாவளாமே" என்றாள் அம்மா. "நீ அங்கதான இருக்க? ஞானமுத்து அண்ணன் பாவம்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"நான் சொன்னா கேப்பாவளா?"

"படிச்ச பிள்ள சொன்னா கேப்பாவ."

டிசம்பர் 17

காலையில் முழுப் பாட்டு ஒன்று கேட்டது. ஒரு ஆண் குரல் நிறையப் பேசியது. சாருக்குப் போர்த்துகீசிய மொழி கொஞ்சம் தெரியும். மழையைப் பற்றியும் கால்நடைச் சந்தையைப் பற்றியும் சொல்கிறார்கள் என்றார். சார் தேடும் சிற்றூர் வானொலியாகத்தான் இருக்க வேண்டும். சார் கப்பலில் இருந்த காலத்தில் அந்தக் கரைக்கு அருகே போகும்போது இதைத்தான் கேட்பாராம். நம் கரையில் நின்று கேட்டதே இல்லையாம். நிலையத்தின் பெயரைச் சொல்லும் முன் வெளிச்சம் வந்துவிட்டது.

"நாளாக ஆக நல்லா வருது. இன்னும் மூணு நாலு காலையில பேரைச் சொல்லிருவான்" என்று உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு பெரிய மனிதரை நான் பார்த்ததில்லை. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று எழுந்து போனேன். ஏற்கனவே ஊற்றியிருந்தேன். மறுபடியும் ஊற்றினேன்.

டிசம்பர் 18

ஞானமுத்து மாமா கேம்புக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மாவு படியாத சட்டையில் அவரைக் கோயிலில் தவிர நான் பார்த்ததில்லை.

"என்ன மருமவளே, இங்கயா இருக்க" என்றார் என்னைப் பார்த்து. ஊரில் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்குப் பையனே கிடையாது. கேட்டால், "பொறந்தா ஒனக்குத்தான்" என்பார்.

சாரிடம் கையைக் கட்டிக்கொண்டு பேசினார். "எம் மோட்டார்ல கோளாறு இருந்தா மாத்திருதேன் ஐயா. மீட்டர் சோதனை முடிய ஒரு மாசம் ஆவுமாம். ஊரு பூரா பச்சரிசியும் பயறும் எங்கிட்ட கெடக்கு. ஆம்பளைய ஒண்ணுஞ் சொல்லல, பொம்பளைய வந்து டப்பாவத் திருப்பிக் கேக்காவ."

சார் முகம் வாடிவிட்டது. "மீட்டரை எடுப்பாங்கன்னு நாங்க நினைக்கல. ஆனா சத்தம் அங்கிருந்துதான் வந்தது. ரெண்டு இடத்துல நின்னு பாத்தோம். நிறுத்தினதும் நின்னுது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். மெஷின் பொய் சொல்லுமா" என்றார் மாமா. போகும்போது என்னிடம், "ஒங்க அம்ம பயறு பத்திரமா இருக்குன்னு சொல்லு. மொத அரவை அவளுக்குத்தான்" என்றார்.

பயறை அம்மா இன்னும் மில்லுக்குக் கொடுக்கவில்லை. அவருக்கு வீடுகள் குழம்பிவிட்டன. அதைக்கூட நான் திருத்தவில்லை.

டிசம்பர் 19

சாரிடம் சொல்ல மூன்று தடவை போனேன். ஒரு தடவை "சார்" என்றேன். "என்னம்மா?" என்றார். "தண்ணி ஊத்திட்டேன் சார்" என்றேன்.

வாய் எனக்கு எப்போதுமே வராது. கல்லூரியில் வைவா தேர்விலும் இப்படித்தான். பதில் தெரியும், உதடு பிரியாது. அப்போது அது வெட்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது இருப்பதற்கு வெட்கம் என்று பெயரில்லை.

டிசம்பர் 20

அப்பா நாளை விடியும் முன்பே உடன்குடிக்குக் கருப்பட்டி லோடோடு போகிறார். அம்மா கோயிலுக்குப் போவாள். கேம்புக்கு வர நேரமாகும் என்று கௌதமனுக்குச் சொல்லிவிட்டேன்.

மில் சீல் வைத்துக் கிடக்கும்போது சத்தம் வந்தால், அது மில்லின் சத்தம் இல்லை என்று யாரும் சொல்லாமலே தெரியும். நான் பேச வேண்டியதில்லை.

ஆனால் எல்லோரும் காதை வைத்துக் கேட்கிற நேரம் விடியற்காலைதான். நாளை பெயர் கேட்டுவிடும் என்று சார் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 21

போட்டேன்.

அப்பா என்னை அந்தக் கம்பைத் தொட விட்டதே இல்லை. பார்த்துப் பார்த்துக் கை பழகியிருந்தது. கொக்கி லைனில் உட்கார்ந்ததும் நீலப் பொறி ஒன்று தெரிந்தது. உள்ளே பல்பு எரிந்தது. வாசலில் குந்திக்கொண்டு தேரிப் பக்கம் பார்த்தபடி இருந்தேன்.

வெளுக்கத் தொடங்கியபோது மணல் மேட்டில் ஒரு உருவம் தெரிந்தது. சார்தான். கௌதமனை அனுப்புவார் என்று நினைத்திருந்தேன். ரேடியோவை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சுற்றுவதும் நிற்பதும், கால் புதைந்தால் முழங்காலைப் பிடித்துக்கொள்வதுமாக வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார். வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது தலையை நிமிர்த்தினார்.

கொக்கியைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரேடியோ அவர் கையில் படபடத்துக்கொண்டிருந்தது.

"இது உங்க வீடா?"

தலையாட்டினேன்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் ரேடியோவை என் கையில் கொடுத்தார்.

"பாத்துச் சொல்லு. எந்தப் பக்கம்?"

"சார்..."

"சுத்திப் பாரு. பாத்துச் சொல்லு."

சுற்றினேன். சத்தம் தேய்வதும் எழுவதுமாக இருந்தது. பிறகு ஒரு இடத்தில் நின்றது. பெட்டியின் ஒரு முனை தேரியையும் மறுமுனை எங்கள் கூரையையும் காட்டியது.

"எங்க வீட்டுல இருந்து சார்" என்றேன். அந்த நாலு வார்த்தையைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆயிருக்கிறது.

"அன்னைக்கு மேட்டுல இருந்து பாத்தப்பவும்?"

"அன்னைக்கும் இங்கதான் சார். மில்ல நிறுத்துன அன்னைக்கு அப்பாவ எடுக்கச் சொன்னதும் நான்தான். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் ரேடியோவை வாங்கி நிறுத்தினார். திடீரென்று காகங்களின் சத்தம் கேட்டது.

"அவன் பேரைச் சொல்ல ஆரம்பிச்சான்" என்றார். "ரேடியோன்னு சொன்னான். அப்புறம் இந்தச் சத்தம்."

நான் கொக்கியை எடுத்தேன். பல்பு அணைந்தது. சார் அதைப் பார்க்காமல் திரும்பி நடந்தார். கூடப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, மணல் அங்கே ஏற்றம். போகவில்லை.

டிசம்பர் 22

சாரும் நானும் மின்வாரிய அலுவலகத்துக்குப் போனோம். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே தங்கள் புகார் தவறு என்று எழுதிக் கொடுத்தார். எதனால் தவறு என்று அதிகாரி கேட்டபோது அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். மூன்று தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள், கேட்கவில்லையாம். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு மட்டும் நன்றாகக் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு ஆள் வந்து கொக்கிக் கம்பியைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். அபராதம் வரும். அப்பா கூடவே நின்றார். அவர்கள் போன பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானே எடுத்திருப்பேன்லாட்டி" என்றார். பிறகு, "லைன்ல ஆளு வாராவன்னு நீ சொன்னப்ப நம்பிட்டேன்" என்றார். அபராதத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. இதைத்தான் சொன்னார்.

டிசம்பர் 23

கேம்பைக் கலைத்தார்கள். கம்பியைச் சுருட்ட நானும் போனேன். கௌதமன் எனக்கு வணக்கம் மட்டும் சொன்னார். பிறகு சாரிடம், எனக்குக் கேட்கும்படியே, "ரேடியோன்னு வந்துச்சுங்கல்ல சார். அது எந்த ஊர்னு நமக்குத் தெரியும். எழுதிடலாமுங்க" என்றார்.

"கேக்கல" என்றார் சார். "கேக்காததைக் கேட்டேன்னு எழுதச் சொல்லுறியா?"

அவர் கௌதமனிடம்தான் சொன்னார். நான் உடைமரத்தடியில் நின்று, முதல் நாள் எறிந்த கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். அது கிளையில் சிக்கிக்கொண்டு வரவில்லை. அறுத்துவிடச் சொன்னார்கள். ஒரு துண்டு அங்கேயே தொங்குகிறது.

சென்னை வேலையைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 24

நேற்று மீட்டரைத் திரும்ப மாட்டிவிட்டார்களாம், காலையில் மில் ஓடும் சத்தம் ஓடைக்கரை வரை கேட்டது. சாயங்காலம் அம்மா, "நீயே கொண்டுட்டுப் போ" என்று பயறு டப்பாவை என் கையில் வைத்தாள்.

மில்லில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. கடைசியில் போய் நின்றேன். ஞானமுத்து மாமா பழையபடி புருவம் வரை மாவாக இருந்தார். ஒவ்வொருத்தியையும், "வா மருமவளே, குடு மருமவளே" என்று சொல்லிக்கொண்டே டப்பாவை வாங்கினார். வரிசை நகர்ந்தது.

என் முறை வந்தது. டப்பாவை வாங்கிப் பயறைக் கையில் அள்ளி, வறுத்த பதம் பார்த்தார். நன்றாக அரைத்தார். வழக்கம் போல் மெஷினைத் தட்டித் தட்டி, ஒட்டியிருந்த மாவையெல்லாம் என் டப்பாவுக்குள் தள்ளி, மூடியை அழுத்தி மூடினார்.

"சூடா இருக்கும், பாத்துக் கொண்டு போங்க" என்றார்.

நான் பிறந்ததிலிருந்து அவர் என்னைப் 'போங்க' என்று சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே இருட்டிவிட்டது. வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. மடியில் டப்பா இன்னும் சூடாக இருக்கிறது.